இனம் தெரியாத ஓசை

என் வாழ்க்கையில் நான் எழுத்தில் சொன்ன பொய் ஒன்றே ஒன்று. அதை ஆங்கிலத்தில் சொன்னேன். தமிழில் பொய் சொன்னால் எனக்குக் காது சிவந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படி. ஆங்கிலத்தில் எழுதினால் சிவப்பதில்லை என்று இருபத்தோராம் வயதில் கண்டுபிடித்தேன். அந்தக் கண்டுபிடிப்பால் ஒரு கார், ஒரு ஜோடி மாடு, ஒரு நல்ல மனிதரின் பெயர் மூன்றும் போக இருந்தன. போகாமல் காப்பாற்றியவள் என் அக்கா பட்டம்மாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் 'லேட்டு' என்ற ஒரே சொல்தான். அதுவும் அரியலூர் ஸ்டேஷனில் ரயிலைப் பற்றிச் சொல்லிச் சொல்லிக் காதில் விழுந்தது.

உலகச் சண்டை முடிந்த சமயம் அது. பெட்ரோலுக்கு இன்னும் கூப்பன் இருந்தது. அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் அரியலூர் ரயிலடியில் ஒரு கறுப்பு வாடகைக் கார் வைத்திருந்தார். மாமா பேசமாட்டார், ஓட்டுவார். எந்த ரயிலுக்கு யார் வருகிறார்கள், யாரைப் பெரம்பலூரில் இறக்க வேண்டும், யாரை உடையார்பாளையத்தில் ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் அக்காவின் தலைக்குள் இருந்தது. அந்தக் கார் ஓடினால்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கும். நான் இன்டர்மீடியட்டில் ஆங்கிலத்தைத் தவிர எல்லாவற்றிலும் தோற்றுவிட்டு, அவர்கள் வீட்டில் தற்காலிகமாக இரண்டாவது வருஷம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். (வேலை தேடிக்கொண்டிருந்தேன் என்று சொல்வது வழக்கம். அது எங்கே இருக்கிறது என்று அதுவும் சொல்லவில்லை, நானும் ரொம்பக் கேட்கவில்லை.)

ஓர் ஐப்பசி மாதம், வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டாரை இறக்கிவிட்டு நானும் மாமாவும் திரும்பிக்கொண்டிருந்தோம். பெரம்பலூர் தாண்டியதும் எனக்கு ஒரு குறுக்கு வழி தெரியும் என்று சொன்னேன். மாமா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பினார். அரை மைல் போவதற்குள் கரிசல் மண் நான்கு சக்கரத்தையும் பிடித்துக்கொண்டது. மழையில் ஊறிய கரிசலில் கால் வைத்தால் செருப்பு அதற்குத்தான் சொந்தம். மாமா இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் தள்ளப் போனார். அன்று நான் சலவைச் சட்டை போட்டிருந்தேன். ஆகவே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

அந்த வழியாகப் பக்கத்து ஊர்க்காரர் மருதமுத்து தன் உழவு மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் கேட்பதற்கு முன்பே, "இருங்க, இழுத்துப் பாப்போம்" என்று சொல்லி நுகத்தடியில் வடம் கட்டி, மறுமுனையைக் காரின் முன்புறம் முடிந்தார். எஞ்சின் அணைந்துதான் இருந்தது. மாடுகள் இழுத்தன, மாமா தள்ளினார், கார் மெல்ல அசைந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தது. கெடுத்தது ஏரிக்கரைதான். அங்கே நடவுக்குப் போகும் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்று பார்த்தார்கள்.

ஸ்டியரிங்கின் பின்னால் ஓர் ஆண்பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்கள்? பக்கத்தில் ரப்பர் பந்து வைத்த ஹாரன் இருந்தது. இரண்டு தடவை அமுக்கினேன்.

பாம். பாம்.

அதுவரை மாடுகளாக இருந்தவை அப்புறம் என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது. கார் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு கிளம்பியது. பின்னால் தள்ளிக்கொண்டிருந்த மாமா குப்புற விழுந்தார். கரை மேட்டில் வடம் அறுந்தது. மாடுகள் ஒரு பக்கம் போயின, நானும் காரும் கருவேல மரத்தில் மோதி ஏரிக்குள் இறங்கினோம். நல்ல வேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நெஞ்சளவு தண்ணீரில் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். பயத்தில் கை இன்னும் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் அது வாத்து மாதிரி கத்தியது. கரையில் பெண்கள் சிரித்த சிரிப்பை நான் எழுதப்போவதில்லை.

காரின் முன்புறம் நசுங்கி, எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டது. இன்ஷூரன்ஸ் இருந்ததால் அக்கா தைரியமாக இருந்தாள். திருச்சியிலிருந்து கம்பெனியின் விண்ணப்பத் தாள் வந்தது, முழுக்க ஆங்கிலத்தில். "நம்ம வூட்லயே படிச்ச புள்ள இருக்கான்" என்று என்னிடம் கொடுத்தாள். அவள் முகத்தில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

'வண்டியை ஓட்டியவர் யார்?' என்று ஒரு கேள்வி. மாமா பின்னால் இருந்தார். நான் முன்னால் இருந்தேன், ஆனால் லைசென்ஸ் இல்லை. யோசித்தேன். மாட்டை ஓட்டுவதும் ஓட்டுவதுதான், காரை ஓட்டுவதும் ஓட்டுவதுதான். அன்றைக்கு எதையாவது ஓட்டியவர் மருதமுத்து ஒருவர்தானே? அவர் பெயரை எழுதினேன். 'விபத்துக்குக் காரணம்' என்ற இடத்தில், 'இனம் தெரியாத ஓர் ஓசையால் மாடுகள் உணர்ச்சிவசப்பட்டன' என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். அந்த வாக்கியத்தை நானே நாலு தடவை படித்து ரசித்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. பணம் கிடையாது, காரணம் இரண்டு. ஒன்று, காரை ஓட்டிய மருதமுத்துவுக்கு லைசென்ஸ் இல்லை. அதைப் பற்றிப் போலீசுக்கு எழுத வேண்டியிருக்கும். இரண்டு, மாடு இழுத்த வண்டி மோட்டார் வண்டி ஆகாது. நான் அதைப் படித்துக் காட்டிய அன்றே மருதமுத்து வாசலில் வந்து நின்றார். கம்பெனி ஆள் அவர் ஊருக்கே போய் விசாரித்திருக்கிறான்.

"ஏம்மா, நான் எப்பம்மா காரு ஓட்டுனேன்? ஊர்ல எல்லாரும் டிரைவரு டிரைவருங்குறாங்க. போலீசு வந்து மாட்டைப் புடிச்சிட்டுப் போயிருமாமே. வெதைக்கிற நேரம்மா."

அக்கா அவரை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "நீ எழுதி அனுப்புனதுக்கு நகல் வச்சிருக்கியா? ஒவ்வொரு வரியாத் தமிழ்ல சொல்லு."

சொன்னேன். தமிழில் சொன்னதால் காது சிவக்க ஆரம்பித்தது. கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"அது என்னடா இனம் தெரியாத ஓசை?"

நான் மோட்டு வளையைப் பார்த்தேன். மூலையில் உட்கார்ந்திருந்த மாமா, அந்த வாரத்தில் முதன்முறையாகப் பேசினார்.

"நமக்கு இனம் தெரிஞ்ச ஓசைதான்."

அக்கா கத்தவில்லை, அடிக்கவில்லை. கத்தியிருக்கலாம். காரில் இருந்து ஹாரனைக் கழற்றிவரச் சொல்லி, அதைத் துடைத்து ஒரு மஞ்சள் பைக்குள் போட்டாள். "நாளைக்குக் காலை ரயிலுக்கு மூணு பேரும் திருச்சி போறோம்" என்று என்னையும் மருதமுத்துவையும் பார்த்துச் சொன்னாள்.

கம்பெனி மேனேஜர் கோட்டுப் போட்டவர், தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கெட்டவர் இல்லை. "உங்க தம்பியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரும்மா. நான் என்ன செய்ய முடியும்?" என்றார்.

அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன் அவள் எந்த ஆபீஸுக்குள்ளும் கால் வைத்தவள் இல்லை. குரலில் நடுக்கம் இல்லை.

"ஐயா, போன வருசம் எங்க வூட்டுக்காரருக்கு விசக் காய்ச்சல். எந்திரிக்க முடியல. நாலு பேரு கட்டிலோட தூக்கிட்டு ஆசுபத்திரிக்குப் போனாங்க. அப்ப அவரு எங்க வூட்டுக்காரரு இல்லேன்னு ஆயிருச்சுங்களா?"

"அதெப்படிம்மா ஆகும்?"

"அவரு நடந்து போனாருன்னு எழுதுவீங்களா?"

"எழுத மாட்டேன்."

"தூக்குனவங்ககிட்ட லைசென்சு கேப்பீங்களா?"

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க காரும் அன்னிக்குச் சேத்துல படுத்த படுக்கைங்க. இவரு மாடுங்க தூக்கிட்டு வந்துச்சு. படுத்தாலும் அது காருதான். படுத்துக் கெடந்ததால யாரும் ஓட்டலீங்க."

இரண்டு வருஷம் கல்லூரியில் தர்க்கம் படித்த நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். கம்பெனி சொன்ன இரண்டு காரணத்தையும் அவள் ஒரே கட்டிலில் ஏற்றிவிட்டாள்.

"நியாயமாத்தான் இருக்கு" என்றார் மேனேஜர். "ஆனா மாடு எதனால மிரண்டுச்சு? இனம் தெரியாத ஓசைன்னு போட்டிருக்கு. அது தெரியாம நான் எப்படி மேல எழுதறது?"

அவள் ஏதாவது இடி, மின்னல் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஐப்பசி மாதம்தானே? அக்கா மஞ்சள் பையை என் மடியில் வைத்தாள்.

"அமுக்குடா."

அமுக்கினேன். மேனேஜர் நாற்காலியோடு பின்னால் போனார். அடுத்த அறையில் மைக்கூடு விழுந்தது. குமாஸ்தாக்கள் நாலு பேர் கதவருகே வந்து நின்றார்கள்.

"ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கிற நீங்களே துள்ளுறீங்க. மாடு என்னங்க பண்ணும்?" என்றாள் அக்கா. "அமுக்குனது இவன்தான். இவரு பேரை எழுதுனதும் இவன்தான். காருக்குக் காசு வந்தாலும் சரி, வராட்டியும் சரி, இவரு பேரை மொதல்ல அடிங்க."

அந்தப் பணம் வராவிட்டால் அவர்களுக்குக் கார் இல்லை. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். அந்த நொடியில் அவளைப் பார்த்தது போல நான் வேறு யாரையும் இன்றுவரை அண்ணாந்து பார்த்ததில்லை.

மேனேஜர் என்னை எழுந்து நின்று நடந்ததைச் சொல்லச் சொன்னார், தமிழில். குறுக்கு வழி, சலவைச் சட்டை, நடவுப் பெண்கள், எல்லாம் சொன்னேன். பெண்கள் என்றதும் குமாஸ்தாக்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேனேஜரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அஜாக்கிரதைக்குத்தான் தம்பி இன்ஷூரன்ஸ் இருக்கு. பொய்க்குக் கிடையாது" என்று சொல்லிப் புதுத் தாள் ஒன்றைக் கொடுத்தார். பழைய தாளில் மருதமுத்துவின் பெயரை அடித்து, அவரைக் கூப்பிட்டுக் காட்டினார். எழுத்துத் தெரியாத அவர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார். புதுத் தாளில் 'ஓட்டியவர்: ஒருவருமில்லை' என்று அக்கா சொல்ல, நான் எழுதினேன்.

பொங்கலுக்குக் கார் வந்துவிட்டது, புது ஹாரனோடு. பழைய ஹாரனை அக்கா பரணில் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்துக் கீழப்பழுவூரில் எனக்குக் கல்யாணம். கெட்டிமேளம் கொட்ட, நான் தாலியை எடுத்துக் குனிந்தேன். எனக்குப் பின்னாலிருந்து கேட்டது.

பாம். பாம்.

மேளக்காரர் நிறுத்திவிட்டார். குனிந்திருந்த பெண் தலையை நிமிர்த்தி, "என்ன சத்தம் அது?" என்றாள். என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மருதமுத்து மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"இனம் தெரியாத ஓசைம்மா."

திரும்பிப் பார்த்தேன். மடியில் ஹாரனை வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்திருந்தார் மாமா. பந்தலே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்காமல், "மூணு முடிச்சையும் ஒழுங்காப் போடு. இதுல ஓட்டுறது யாருன்னு கேட்டுத் தாளே குடுக்க மாட்டாங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் எந்தத் தாள் வந்தாலும் என் மனைவி படித்துப் பார்த்த பிறகுதான் நான் கையெழுத்துப் போடுகிறேன். என் குறட்டைக்கு என் பேரப்பிள்ளைகள் வைத்திருக்கும் பெயரைச் சொல்லத் தேவையில்லை. கூடத்தில் எங்கள் கல்யாணப் போட்டோ மாட்டியிருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனாலும் அதில் என் காது சிவந்திருப்பது தெரிகிறது என்று அக்கா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். எல்லோரும் உற்றுப் பார்த்துவிட்டு, ஆமாம் தெரிகிறது என்கிறார்கள்.