குட்டையும் நெட்டையும்

"குட்டையைத்தான் கேப்பாரு, பாருங்க," என்றாள் கன்னையனின் மனைவி செல்லத்தாய். "பழைய ஜீப்பா வாங்கிச் சேக்குற ஆளுக எல்லாம் குட்டைக்குத்தான் நாக்கத் தொங்கப் போடுறாகளாம்."

கன்னையன் வாசலுக்கு ஓடினார்.

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் பழைய ஜீப்புகள் இரண்டு அவரிடம் இருந்தன. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. ஓட்டுவதற்கு ஒரே ஆள் இருக்கும் வீட்டில் இரண்டு எதற்கு என்று செல்லத்தாய் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரை வரச் சொல்லிவிட்டாள். பிடித்த ஒன்றை அவர் வாங்கிக்கொள்ளலாம்.

நெட்டை போனால் போகட்டும். குட்டையின் இஞ்சின் அப்படியா? மகள் பவித்ரா பிறந்த அன்று, கொட்டும் மழையில், குரங்கணியிலிருந்து போடி ஆஸ்பத்திரி வரை ஓரிடத்திலும் திணறாமல் ஓடிய இஞ்சின் அது. நூறு ஜீப்புக்கு நடுவிலும் அதன் சத்தத்தைக் கண்டுபிடித்துவிடுவேன் என்பார்.

அவசர அவசரமாகக் குட்டையின் மேல் சேற்றை வாரி அப்பினார். நெட்டையைக் கழுவித் துடைத்து மாலையும் போட்டார்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ராம்பிரசாத் நெட்டையைச் சந்தேகமாகப் பார்த்தார். "இத்தனை பளபளப்புன்னா எதையோ மறைக்கறீங்கன்னு அர்த்தமுங்க." குட்டையின் சேற்றைத் தடவியதும் முகம் மலர்ந்தது. "இதுதானுங்க கை படாத வண்டி! எந்த வளைவுலயும் ஸ்டியரிங்கை ஒரு தடவை ஒடிச்சாத் திரும்பும். நெட்டைன்னா ரெண்டு தடவை ரிவர்ஸ் எடுக்கோணும்."

"திரும்பும் சார், நிக்காது!" கன்னையன் குறுக்கே விழுந்தார். "பிரேக்கே கெடையாது. மூணு வாட்டி உருண்டுருக்கு."

"மூணு தடவை உருண்டும் நெளியலையா? அந்தக் காலத்துத் தகடுங்க!" ராம்பிரசாத் குட்டையைக் கட்டிப்பிடிக்காத குறை.

கன்னையன் குட்டையின் பானெட்டைத் திறந்தார். "இஞ்சினைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க சார்," என்று பானெட்டுக்குள் தலையை விட்டவர், குட்டையின் பிளக் வயர் ஒன்றை உருவிவிட்டார்.

குட்டை இருமி இருமி நின்றது. நெட்டை முதல் திருகலிலேயே கிளம்பிச் சீராக ஓடியது. ராம்பிரசாத் கண்ணை மூடிக் கேட்டார்.

"தகடு எங்க வேணாலும் கெடைக்குமுங்க. இந்த இஞ்சின் கெடைக்காது. நெட்டையே எடுத்துக்கறேன்."

"ஒங்க காதுக்கு ஈடே இல்ல சார்!" கன்னையனே சாவியை அவர் கையில் திணித்து, "வெரசாக் கெளம்புங்க, மழை வரும்," என்று வழியனுப்பினார்.

நெட்டை தெருமுனை திரும்பியதும் குட்டையின் பானெட்டைக் கட்டிக்கொண்டார். கண்ணில் நீரே வந்துவிட்டது. "தப்பிச்சுட்டடா ராசா."

எதிரே போன நெட்டையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்த மெக்கானிக் அமாவாசை சைக்கிளை நிறுத்தினான்.

"என்னண்ணே, உசுரா வச்சிருந்த இஞ்சினைக் குடுத்துவிட்டீக? போன வருசம் நீங்க சபரிமலை போயிருந்தப்ப, நெட்டை லோடு இழுக்கலைன்னு குட்டை இஞ்சினை அதுலதான மாத்திப் பூட்டுனேன், மதினி சொல்லலையா?"