ஐந்தாம் போத்தல்

1934 ஜனவரி 8, திங்கள். காலை ஆறரை மணி. குளியலறை வாளியில் திருகோணமலைக் கடல்நீர். குளிக்கவில்லை.
ஜனவரி 9, செவ்வாய். வாளி அதே இடத்தில். குளிக்கவில்லை.
ஜனவரி 10, புதன். வாளியை இரண்டடி நகர்த்தினேன். அரைமணி நேரம் ஏச்சு. குளிக்கவில்லை.

என் நாட்குறிப்பில் உள்ளதை உள்ளபடியே தந்திருக்கிறேன். வாளிக்கு உரியவரைப் பற்றி இனிச் சொல்லலாம்.

கண்டியில் வாழ்ந்தவர்களுள் கண்டியை ஒருநாளேனும் கண்ணெடுத்துப் பாராதவர் முட்டை மாஸ்டர் ஒருவரே. பதினொரு ஆண்டுகள் அந்நகரின் திருகோணமலை வீதியில் ஒரு மாடி அறையை அவரும் நானும் பகிர்ந்திருந்தோம். ஒரே கல்லூரியில் அவர் விஞ்ஞானம் கற்பித்தார், நான் இலத்தீன். வாவியோ மலையோ அவர் கண்ணில் பட்டதாக எனக்கு நினைவில்லை. அவர் கண்ட காட்சியெல்லாம் உருப்பெருக்கியின் குழாய்க்குள் இருந்தது: கடல்மீன்களின் முட்டைகள், முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த கண்ணாடி போன்ற குஞ்சுகள், அவற்றோடு மிதக்கும் நுண்ணுயிர்கள். மாணவர் இட்ட பெயர் வேறெப்படி இருக்கும்?

வடக்குக் கடற்கரையில் பருத்தித்துறைப் பக்கத்தவர். தொய்வு எனும் மூச்சிழுப்பு நோய்க்காரர். கடற்காற்று உயிருக்கு ஆபத்து என்று வைத்தியர்கள் மலைநாட்டுக்கு அனுப்பினார்கள். அவர் பணிந்து வந்தார்; ஆனால் கடலையும் பின்னால் வரவழைத்தார். திருகோணமலைச் சுங்கத்தில் இருந்த அவருடைய மைத்துனர், வள்ளத்தின் பின்னே பட்டுவலையை இழுத்து, அதில் விழுந்ததைத் தகரங்களில் அடைத்து, மீன் லொறியில் ஏற்றிவிடுவார். தகரம் வந்த நாளில் வீட்டிலுள்ள பாத்திரம் எதுவும் எங்களுக்குச் சொந்தமில்லை.

நல்ல வெளிச்சம் விழுவது சாப்பாட்டு மேசையில் மட்டுமே என்பதால் உருப்பெருக்கியும் அங்கேதான் இருந்தது. குஞ்சின் உடலில் தசைக் கண்டங்கள் எத்தனை என்று எண்ணினால்தான் இனம் தெரியும். எண்ணும்போது யாராவது பேசினால் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவார். வீட்டுக்காரரான முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று அழைப்பவர், ஒருநாள் பொறுமையிழந்தார்.

“சேர், இந்த வீட்டுல மேச ஒன்னுதான் ஈக்குது. மீனத் திங்கிறதா, மீனப் பாக்குறதா, நீங்களே சொல்லுங்க.”

“நானா, முப்பத்தெட்டு வரைக்கும் வந்திட்டன்,” என்றார் மாஸ்டர், தலை நிமிராமலே. “இனித் திரும்ப ஒண்டு.”

அன்று நாங்கள் மூன்றரை மணிக்குச் சாப்பிட்டோம். நெத்தலிக் குழம்பு. அதையும் அவர் நிம்மதியாக உண்ணவிடவில்லை. ஒவ்வொரு நெத்தலியின் வயிற்றையும் குண்டூசியால் கீறி, அது விழுங்கிய குஞ்சுகளைத் தேடினார். பகல் பெரஹரா ஊர்வலம் எங்கள் வீதியால் போனபோது ஊரே வாசலில் நின்றது. அவர் சன்னலைச் சாத்திவிட்டு, மேளச் சத்தத்தில் கண்ணாடித்தட்டு நடுங்குகிறது என்று என்னிடம் முறையிட்டார், மேளத்தை நிறுத்துவது என் பொறுப்பு என்பதுபோல.

இவ்வளவும் எதற்காக என்று கேட்பீர்கள். அலுமாரியில் எட்டுப் போத்தல்களுக்கு இடம் விட்டிருந்தார். முதலாவதில் ஒரு முட்டை, எட்டாவதில் யாரும் இனங்காணக்கூடிய இளஞ்சூடைமீன். இடையில் உள்ளவை வளர்ச்சிப் படிகள். அவற்றில் இருந்த கண்ணாடிக் குஞ்சு சூடையின் பிள்ளை என்பது அவர் கட்சி. வேறொரு மீனின் பிள்ளை என்பது கொழும்பு அறிஞர்களின் கட்சி. சங்கிலி அறாமல் காட்டினால் ஏற்பதாக அவர்கள் எழுதியிருந்தார்கள். ஏழு ஆண்டுகளாக ஐந்தாம் இடம் மட்டும் வெறுமையாய் இருந்தது. நான் மேலே குறித்த வாளியில்தான் அது வந்து சேர்ந்தது: ஒரேயொரு குஞ்சு. அதன் குடலோரம் ஓடிய கரும்புள்ளி வரிசையே அவருடைய முழு வழக்கும்.

அவ்வாண்டு ஏப்ரல் விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்டார். ஐந்தாம் குஞ்சின் படத்தைத் திரும்பி வந்து ஆறுதலாக வரைவதாகத் திட்டம். “ஒண்டையும் தொடாதையும் காணும்,” என்று படியில் நின்று சொன்னார். கடற்காற்று அவரைப் படுக்கையில் தள்ளியது. ஆகஸ்டில்தான் திரும்பினார்.

நான் ஒழுங்கை விரும்புபவன். மே மாதத்தில் அலுமாரியைத் துடைத்தபோது, ஐந்தாம் போத்தலின் அடியில் வெண்ணிற வண்டல் கண்டேன். அழுக்கு என்று முடிவுசெய்தேன். தோய்த்த கைலேஞ்சித் துணியால் வடித்து, கல்லூரி ஆய்வுகூடத்திலிருந்து, மாதிரிகளை அழுகாமல் காக்கும் போமலின் திரவம் தெளிந்ததாகக் கொண்டுவந்து ஊற்றினேன். போத்தல் பளிங்குபோல் இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

திரும்பி வந்தவர் உடுப்பு மாற்றாமலே உருப்பெருக்கியின் முன் அமர்ந்தார். நெடுநேரம் பார்த்தார். அன்று அவர் எதையும் எண்ணவில்லை.

“அடியில கிடந்த வெள்ளைத் தூள் எங்கை?”

“ஊத்தை எண்டு வடிச்சுப்போட்டன்.”

“அது நான் போட்ட சுண்ணக்கட்டித் தூள். அது இல்லாட்டிப் போமலின் புளிச்சுப்போம். எலும்பையும் புள்ளியையும் திண்டிடும்.” கண்ணாடித்தட்டை மெல்ல எடுத்து வைத்தார். “துப்புரவாத்தான் செய்திருக்கிறீர். வாரும், சாப்பிடுவம்.”

வாளிக்காக அரைமணி நேரம் ஏசிய மனிதர், இதற்கு ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம் என்று இத்தனை ஆண்டுகளாக அவர்மீது எனக்கு எரிச்சல்.

சென்ற மாதம் காலமானார். கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலை என்னிடம் வந்தது. கொழும்புக்கு அவர் எழுதிய கடிதத்தின் பிரதி ஒன்று கிடைத்தது. “ஐந்தாம் மாதிரி பழுதாயிற்று. சுண்ணம் இட நானே மறந்துவிட்டேன்.” அதற்கு வந்த பதிலும் உடன் இருந்தது: இத்தகைய கவனக்குறைவு உள்ளவருடைய மற்றப் போத்தல்களையும் நம்புவதற்கில்லை என்று இரண்டு வரிகள். அதைப் பெற்ற பிறகும் அவர் நான்கு ஆண்டுகள் என்னோடு ஒரே மேசையில் உண்டார். ஒருநாளும் சொல்லவில்லை.

செய்யப்படாமல் இருப்பவை:

கொழும்புக்கு உண்மையை எழுதுதல். இரண்டு வரைவுகள் கிழிக்கப்பட்டன.

இன்னொரு ஐந்தாம் குஞ்சுக்காக வலை இழுக்கும்படி மைத்துனரைக் கேட்டல்.

அவர் பெயருக்கு வரும் விலங்கியல் சஞ்சிகையை நிறுத்தும்படி அறிவித்தல். இந்த வாரமும் வந்தது. ஒட்டியிருந்த பக்கங்களைக் கத்தியால் வெட்டித் திறந்து, அவர் வாசிக்க வசதியாக மேசையில் வைத்திருக்கிறேன்.