பயந்த மனிதருக்கு ஒரு பந்தயக் கார்

எங்கள் மலைநாட்டில் நாடி ஐயாவைப் போல் பயந்த மனிதர் அவருக்கு முன் பிறந்ததில்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. ஹட்டன் பஸ் ஸ்டாண்டின் நடுவில் நின்று சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். அப்படிப்பட்டவர்தான், துரைமார் மட்டுமே ஓட்டிக்கொண்டிருந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி எங்கள் எல்லோரையும் கதிகலங்க வைத்தார்.

அறுபதுகளின் தொடக்கம். கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிளாக்கர். அவர் அதே தோட்டத்து மருந்தகத்தில் டிஸ்பென்சர். தொழிலாளர்களுக்கு டாக்டரையா. நாங்கள் அவர் இல்லாத இடத்தில் மட்டும் சொல்லும் பெயர் நாடி ஐயா. யாரோடு பேசினாலும் பேச்சோடு பேச்சாக மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துவிடுவார். ஆள் கிடைக்காவிட்டால் தன் கையையே பிடித்துக்கொள்வார். ஒரு கிறிஸ்மஸுக்குப் பெரிய துரை கை குலுக்க, இவர் அந்தக் கையை விடவே இல்லை. "சார், கொஞ்சம் படபடப்பா இருக்கு, உப்பக் கொறைங்க" என்றார். துரையம்மா அன்றைக்கே சமையல்காரனைக் கூப்பிட்டுப் பேசியதாகக் கேள்வி.

பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின்சீட்டில்தான் உட்காருவார். "முடக்கு வருது... ஹார்ன் அடிங்க... செகண்டுக்கு மாத்துங்க... அந்தப் பள்ளத்தப் பாத்தீங்களா?" ஹட்டன் போய்ச் சேருவதற்குள் டிரைவரே ஒவ்வொரு வளைவிலும் சாமி கும்பிட ஆரம்பித்துவிடுவார். நாளடைவில் அவருடைய கறுப்புக் குடையைத் தூரத்தில் கண்டாலே பஸ்கள் நிற்காமல் பறந்தன. ஆகவே அவருக்குச் சொந்தமாக ஒரு வண்டி தேவைப்பட்டது. லைசென்ஸ் எப்போதோ எடுத்து வைத்திருந்தார். ஓட்டத்தான் துணிச்சல் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கார் பார்க்கக் கிளம்புவோம். துணைக்கு நான். தலவாக்கலையில் ஒரு வாத்தியார் பெரிய கார் ஒன்றை விற்க வைத்திருந்தார். ஐயா அதன் எஞ்சினைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. பின்பக்கம் போய்க் குனிந்து பம்பரைப் பிடித்துத் தூக்கினார்.

வாத்தியார் பதறிப்போனார். "என்னங்க பண்றீங்க?"

"ரோட்டோரக் கானுக்குள்ள விழுந்தா தூக்க எத்தன பேரு வேணும்னு பாக்குறேன்."

"ஏங்க விழும்?"

"ஏங்க விழாது?"

கார் அசையவில்லை. நாங்கள் ரயிலேறித் திரும்பினோம்.

ஹட்டனில் ஒரு கராஜில் ஜீப் ஒன்று நின்றது. "உசரமா இருக்கே, கவுந்துரும்" என்று கிட்டேயே போகவில்லை. பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த பெரிய அமெரிக்கக் கார். இதில் கியர் தானாகவே மாறும் என்று கராஜ்காரர் பெருமையாகச் சொன்னதும் ஐயாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"தானா மாறுமா? எறக்கத்துல அது என்ன நெனச்சிக்கிட்டு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? வேணாங்க. கியர் என் கையிலதான் இருக்கணும்."

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சின்னத்துரை வேலையை விட்டுவிட்டு இங்கிலாந்துக்குத் திரும்பத் தயாரானார். அவரிடம் பச்சை நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே சீட்டு, துணிக்கூரை, தரையோடு தரையாக உயரம், கட்டை விரல் போல ஒரு கியர் கம்பு. கப்பலேற நாள் நெருங்கிவிட்டதால் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடப் பார்த்தார். ஐயா அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு என்னைப் பார்த்தார். இருவரும் பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினோம். சக்கரம் புல்லை விட்டுக் கொஞ்சம் எழும்பியது. ஐயா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சின்னத்துரை தனக்குத் தெரிந்த தமிழில் எச்சரித்தார். "டிஸ்பென்சர், இது ரேஸ் ஓடும் கார். பயம் இல்லை?"

"பயத்துலதாங்க சார் வாங்குறேன். தாழ்வா இருக்கு, கவுறாது. லேசா இருக்கு, விழுந்தா தூக்கிறலாம். கூர வெறும் துணி, ஆபத்துன்னா குதிச்சிறலாம். வெலயும் என் சம்பளத்துக்கு அடங்குது. இதவிடப் பத்திரமான காரு ஒலகத்துல இருக்கா?"

சின்னத்துரை காரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் அவர் மனைவி வாசலுக்கு வந்து பார்த்தார். நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அம்மாள். "ரெண்டே சீட்டா? நம்ம மூணு புள்ளைங்க எங்க உக்காருறது?"

"எல்லாரும் ஒண்ணாப் போகவே கூடாது. ஒவ்வொருத்தராக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

அக்கா உள்ளே போனார். குசினியிலிருந்து பாத்திரச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

வாங்கினாரே ஒழிய, ஐயா அந்தக் காரை இரண்டாவது கியருக்கு மேல் ஓட்டியதில்லை. கொழுந்துக் கூடையோடு நடக்கும் பெண்கள் அவரை முந்திப் போவார்கள். "டாக்டரையா, வேணும்னா நாங்க தள்ளிவிடவா?" என்று சிரிப்பார்கள். அவர் ஹார்ன் அடித்து, "ஓரமாப் போங்க, வேகமா வர்றேன்" என்பார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் மத்தியானம். கீழ் லயத்து வரிசை வீடுகளிலிருந்து வீரன் ஓடி வந்தான். அவன் பெண்சாதி பொன்னிக்குப் பிரசவ வலி. ஐயா போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை.

"புள்ள குறுக்க கெடக்கு தம்பி. இது என் கைக்கு மிஞ்சினது. ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

தோட்டத்து லொறி தேயிலை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. பெரிய துரை காரோடு நுவரெலியாவில். ஐயா தன் பச்சைக் காரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாடி சரியில்ல தம்பி. தாறுமாறா அடிக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொன்னிக்கா?"

"எனக்கு."

சொல்லிக்கொண்டே துணிக்கூரையை மடித்தார். பொன்னியை முன்சீட்டில் சாய்த்து உட்கார வைத்தோம். மடித்த கூரையின் மேல் வீரனும் நானும் ஏறி, அவள் மேல் மழை படாமல் ஒரு கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டோம். வண்டி கிளம்பியது. இரண்டாவது கியர் போய் மூன்றாவது வந்தது. நான் கண்களை மூடிக்கொண்டேன்.

"முருகா... முடக்கு... ஹார்ன்... செகண்ட்... ஐயோ பள்ளம்... தேர்ட்... முருகா..."

வாய் ஓயவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். வாய்தான் அலறிக்கொண்டிருந்தது. கை வேறு யாருடைய கையோ போல வேலை செய்தது. முடக்குக்கு முன்னால் கியர் குறைந்தது, முடக்கு தாண்டியதும் ஏறியது. சேற்றில் பின்சக்கரம் வழுக்கியபோதுகூடத் திருப்பவேண்டிய பக்கம் திருப்பினார். ஒரு முடக்கில் ஹட்டன் பஸ் எதிரே வந்தது. மண்மேட்டுக்கும் பஸ்ஸுக்கும் இடையில் எப்படிப் புகுந்தோம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. டிரைவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். ஐயா அவரைப் பார்த்து, "மெதுவாப் போங்க!" என்று கத்திவிட்டுப் போனார்.

வலிக்கு நடுவில் பொன்னி மெல்லச் சொன்னாள்: "பயப்படாதீங்கய்யா. ஒண்ணும் ஆகாது."

"நீ பேசாதம்மா. மூச்ச நல்லா இழுத்து விடு" என்றார். அவர் கன்னத்தில் வழிந்தது முழுவதும் மழைதான் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவளை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் பெஞ்சில் காத்திருந்தோம். ஐயா உட்காருவார், எழுவார், கதவடியில் போய்க் காது வைப்பார், திரும்பி வந்து வீரனுக்குத் தைரியம் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுவார். கடைசியில் நர்ஸ் வந்து, பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம் என்றார். ஐயா நம்பவில்லை. அனுமதி கேட்டு உள்ளே போய்த் தாய் கையையும் பிள்ளை கையையும் பிடித்துப் பார்த்த பிறகுதான் வீரனைக் கட்டிக்கொண்டார்.

வீரனை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் திரும்பினோம். பழையபடி இரண்டாவது கியர். பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரர் பொறுமை இழந்து எங்களை முந்திப் போனார்.

பொழுது சாய்கிற நேரம். லயத்துக்குத் திரும்பும் இடத்தில் பெருங்கூட்டம். ஆணும் பெண்ணுமாகக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றார்கள். ஐயா சட்டென்று காரை நிறுத்தினார்.

"தம்பி, நாம இல்லாத நேரத்துல யாருக்கோ என்னமோ ஆயிருச்சு. எறங்கிப் போய்க் கேளுங்க. எனக்குக் காலு வரல."

நான் இறங்குவதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா ஓடி வந்தார். சேலை முழுக்க நனைந்திருந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று நான் சொன்னதும் லயத்துப் பெண்கள் குரல் கொடுத்து ஆர்ப்பரித்தார்கள். அக்கா ஐயாவின் தோளைத் தொட்டார், கையைத் தொட்டார்.

"என்ன ஆச்சு? யாருக்கு என்ன?" என்றார் ஐயா.

"ஒங்களுக்குத்தான். இந்த மழையில இந்த வண்டிய எடுத்துக்கிட்டுப் பறந்தீங்களே. தோட்டமே பயந்துபோயி நிக்கிது."

ஐயா கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எனக்காகவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஆமாம் ஐயா என்றேன். அதன் பிறகு அந்தத் தோட்டத்தில் நான் இருந்தவரை, மழை நாட்களில் அவர் வெளியே போயிருந்தால், அந்தப் பச்சைக் கார் மேலேறி வரும் சத்தம் கேட்டால்தான் ஆபீசைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.