ஹெல்மெட் மாட்டிய கூலர்

"கதவு மூடல," என்றாள் மனைவி.

"மூடும். எதுக்கும் ஒரு முறை இருக்கு," என்றார் ஹெல்மெட்.

பாட்டில் தொழிற்சாலையில் அவர் பாதுகாப்பு அதிகாரி. கழிப்பறைக்குப் போனவனைக்கூட வழிமறித்து ஹெல்மெட் மாட்டச் சொன்னதில் கிடைத்த பட்டப்பெயர் அது. வீட்டிலும் அவர் அப்படித்தான். பழைய கம்ப்யூட்டர் சூடேறிச் செத்ததும், புதியதை உதிரிப் பாகங்களாக வாங்கி வந்து தன் கையாலேயே பூட்டுவதென்று கிளம்பிவிட்டார். கடைக்காரன் அவசரத்தில் செய்வான், பாதுகாப்பாக இருக்காது என்பது அவர் கட்சி. கடைக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரை மட்டும் தானே போர்டில் பொருத்திக் கொடுத்தார். "இதை மட்டும் நீங்க தொடாதீங்க சார், புண்ணியமாப் போகும்."

மனைவிக்கு வீடுகளின் உள் அலங்காரத்தை வரைந்து கொடுக்கிற தொழில். அலைந்து திரிந்து பிடித்த முதல் பெரிய வாடிக்கையாளர் மறுநாள் காலை வருகிறார். இன்னும் கட்டாத அவருடைய வீட்டைத் திரையில் அறை அறையாகச் சுற்றிக் காட்ட வேண்டும். கம்ப்யூட்டர் ஓடினால் வேலை அவளுக்கு, ஓடாவிட்டால் வேறு யாருக்கோ.

ப்ராசஸர் சூடாகாமல் காக்கும் கூலர் செங்கல் கனம் கனத்தது. ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி சகிதம் அதை மாட்டியிருந்தார். தலையில் மட்டும் எதுவும் இல்லை. அது மனைவியின் நிபந்தனை. இப்போது கூலரின் விசிறி பக்கத்திலிருந்த மெமரி அட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, பெட்டியின் கதவை மூடவிடாமல் அழிச்சாட்டியம் செய்தது.

"கழட்டித் திருப்பி மாட்டினா சரியாயிடும். அந்த நீள ஸ்க்ரூடிரைவர் எங்க?"

அது கூடத்தில், மாமனாரின் முதுகில் இருந்தது. வேர்க்குரு வந்ததிலிருந்து அவர் சட்டையில்லாமல், கைக்குக் கிடைத்ததை வைத்துச் சொறிந்துகொண்டிருந்தார். சீப்பு, கரண்டி, டிவி ரிமோட் எல்லாம் பார்த்தாகிவிட்டது.

"மாமா, அது கூர்! குத்திடும்!"

"குத்தினாத்தானே மாப்ளே சுகம்," என்று அரை மனதாகக் கொடுத்தார்.

திருகுகள் கழன்றன. கூலர் அசையவில்லை. சூட்டைக் கடத்துவதற்காகப் பூசிய பேஸ்ட் கோந்து மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது.

"லேசா இப்படியும் அப்படியும் திருகி எடுக்கணும்னு வீடியோவுல சொன்னாங்க," என்றாள் மனைவி.

"திருகினா போர்டு உடையும். நேரா மேல இழுக்கறதுதான் சேஃப்டி."

மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். 'ப்ளக்' என்று வந்தது. கூலரின் அடியில் ஒரு சின்னச் சதுரத் தகடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் தங்க நிறத்தில் பொடிப் பொடியாக ஊசிகள்.

ஹெல்மெட்டின் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியா! அடியில இருக்கற பாதுகாப்பு மூடியை உரிச்சிட்டு மாட்டுங்கன்னு அட்டையில போட்டிருந்தானே, நாம உரிக்கவே இல்ல!"

"ஒரு பிளாஸ்டிக் தாளை உரிச்சீங்களே?"

"அது வெளி மூடி. இது உள் மூடி. டபுள் பாதுகாப்பு."

"மூடிக்கு எதுக்குங்க முள்ளு?"

"யாரும் கை வைக்கக் கூடாதுன்னுதான். மதில் மேல கண்ணாடிச் சில்லு பதிக்கறதில்லையா?"

இப்படியொரு பாதுகாப்பை யோசித்தவனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது அவருக்கு. பழங்கத்தியால் தகட்டை நெம்பி எடுத்து, "மாமா, இதைக் குப்பையில போட்டுடுங்க," என்று கூடத்திலிருந்த மாமனாரிடம் கொடுத்தார். போர்டில் கூலர் இருந்த இடத்தில் சல்லடைக் கண்களாக ஓட்டைகள். "காத்தோட்டத்துக்கு," என்று மனைவிக்கு விளக்கினார்.

கூலரின் அடியில் புதிதாகப் பேஸ்ட் தடவித் திருப்பி வைத்தார். ஒரு மூலையை முழுக்க இறுக்கியதும் எதிர் மூலை தூக்கிக்கொண்டது. அதை அழுத்தினார். போர்டுக்குப் பின்னாலிருந்த இரும்புச் சட்டம் தடாலென்று விழுந்தது. மனைவி பெட்டியை மேசை விளிம்புக்கு வெளியே நீட்டி வைத்து, கீழே புகுந்து சட்டத்தைத் தாங்கிப் பிடிக்க, அவர் மேலிருந்து முடுக்கினார். கை வலித்ததைவிட அவளுக்கு நாளைக் காலையை நினைத்துத்தான் பயமாக இருந்தது.

ஒரு வழியாகக் கதவு மூடியது. பட்டனை அமுக்கினார். விசிறிகள் ஜோராகச் சுழன்றன. திரை மட்டும் இருட்டாகவே இருந்தது.

"பேஸ்ட் பத்தல," என்று மறுபடி கழற்றி, மிச்சமிருந்த பேஸ்ட்டை மொத்தமாகப் பிதுக்கினார். அது ஓட்டைகளுக்குள் வழிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. "இறுக்கம் பத்தல," என்று போர்டு முனகுமளவுக்கு முடுக்கினார். அப்போதும் இருட்டுதான்.

மனைவி கடைக்காரருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"கூலரைக் கழட்டி மாட்டினீங்களா சார்?"

"மாட்டினேன். பாதுகாப்பா, நேரா மேல இழுத்து."

கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நேரா இழுத்தா ப்ராசஸரும் சேர்ந்து ஒட்டிக்கிட்டு வந்துடும் சார். சின்னச் சதுரம். அடியில ஊசி ஊசியா இருக்கும். ஒண்ணும் பயமில்ல, வச்ச மாதிரியே திருப்பி வச்சிடலாம். ஊசி மட்டும் வளையாம இருக்கணும். அதைப் பத்திரமாத்தானே வச்சிருக்கீங்க?"

ஹெல்மெட் கையுறையைக் கழற்றினார். மனைவி சமையலறைக்கு ஓடிக் குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். தகடு அதில் இல்லை.

கூடத்திலிருந்து மாமனாரின் குரல் வந்தது, பல நாள் கழித்து நிம்மதி கண்ட குரல்:

"மாப்ளே, அந்த முள்ளு மூடி மாதிரி முதுகு சொறிய உலகத்துலயே வேற கிடையாது! முள்ளுதான் அத்தனையும் படுத்துடுச்சு, இன்னொண்ணு இருந்தா உரிச்சுக் குடுங்களேன்!"