வகுபடாத ஒருத்தி

உலகில் நீதி பிசிறில்லாமல் நடந்த இடம் ஒன்றே ஒன்றுதான். 1943-இல் மைசூரில் நான் குமாஸ்தாவாக இருந்த ரேஷன் அலுவலகம் அது. எங்கள் அதிகாரி நஞ்சுண்டசாமி கணிதத்தில் பட்டம் பெற்றவர். யுத்த காலம், ராகி எல்லாருக்கும் போதாது. ஆனால் அது 'சமமாக'ப் போதாமல் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

எங்கள் வட்டாரத்துக்கு நாற்பத்திரண்டு கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரே எண்ணிக்கையில் ஆட்கள் என்று உத்தரவு போட்டார். பிறகு தலைகளை எண்ணினோம். ஒரு லட்சத்து மூன்று.

அதிகாரி வகுத்தார். மீதி ஒன்று. கடைகளைக் கூட்டினார், குறைத்தார். ஏதோ ஒரு மீதி வந்துகொண்டே இருந்தது. மூன்று நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டில் தொடங்கி முந்நூற்றுப் பதின்மூன்று வரை வகுத்துப் பார்த்தார். நான்காம் நாள் வெளிறிய முகத்தோடு வெளியே வந்தார்.

"அமலதாஸ், இது பகா எண். எதாலயும் வகுபடாது."

"ஒரு கடையில ஒரு ஆளைக் கூடுதலா வெச்சுக்கலாமே, சார்."

"அந்தக் கடைக்கு மட்டும் சலுகையா? மத்த நாற்பத்தோரு கடைக்கு யார் பதில் சொல்றது?"

ஆகவே மக்கள்தொகை ஒரு லட்சத்து இரண்டு என்று தீர்மானமாயிற்று. தங்கமான எண். கடைக்கு இரண்டாயிரத்து முந்நூற்று எண்பத்தொரு பேர். பட்டியலில் கடைசியாகப் பதிந்த பெயரை 'நிர்வாக நலன் கருதி' நான் அடித்தேன். ராமக்காள். ஹனூர்ப் பக்கத்துக்காரி, தனிக்கட்டை, தேவராஜ மொஹல்லாவில் காய்கறிக் கூடை சுமப்பவள்.

மறுநாளே வந்து நின்றாள்.

"எம் பேரு இல்லீன்னு கடைக்காரன் சொல்றானுங்க சாமி. நா இருக்கறனுங்களே."

"நீ இருக்கறது வேற, எண்ணிக்கையில இருக்கறது வேற" என்று அதிகாரி பொறுமையாக விளக்கினார். "நீ மீதிம்மா."

"மீதின்னா பசிக்காதுங்களா?"

கேள்வி கணிதத்துக்கு அப்பாற்பட்டதாகையால் கோப்பில் ஏற்றவில்லை.

"ஸ்வல்ப பொறுத்துக்கோ. பட்டியல்ல யாராவது செத்தா உன்னைச் சேர்த்துடலாம்."

"யாருங்க சாகோணும்?"

"யாரானாலும் சரி. நாங்க பாரபட்சம் பார்க்கறதில்ல."

அவள் தினமும் வந்து விசாரித்தாள். ஊரில் சாவுக்குக் குறைவில்லை. ஆனால் செத்தவர் பங்கு ராகியையும் வீட்டார் வாங்கிக்கொண்டிருந்ததால், யாரும் வந்து தெரிவிக்கவில்லை. கோப்புப்படி எங்கள் வட்டாரத்தில் மரணமே இல்லை. இதற்காகவும் அதிகாரி பெருமைப்பட்டார்.

ராமக்காள் கூடையில்லாமல் வரத் தொடங்கினாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு மதியம் என் சாப்பாட்டுத் தூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மூடி வைத்தேன். விதிப்படி அதில் அவள் பங்கு எதுவும் இல்லை.

பதினெட்டாம் நாள் சந்தைக் கூலியாள் கரியப்பன் வந்து, அவள் காலையில் எழுந்திருக்கவில்லை என்றான். அதிகாரி எழுந்து நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"அமலதாஸ், இப்போ பட்டியல்ல ஒரு திருத்தமும் வேண்டாம்."

அன்றே அறிக்கை போயிற்று. இவ்வளவு உண்மையான பட்டியலை இதுவரை பார்த்ததில்லை என்று மேலிடம் எங்கள் இருவர் பெயரையும் குறிப்பிட்டுப் பாராட்டியது. அதை உண்மையாக்க எங்களுக்குப் பதினெட்டு நாள் பிடித்தது.