மாமாவின் காரும் நான் மாட்டிய டர்போவும்

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லிவிட்டு, அப்புறம் கற்றுக்கொள்வது என் பழக்கம். பல வருஷம் அது எனக்குக் கை கொடுத்தது. கை கொடுக்காமல் போன ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். என் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையை விழுந்து விழுந்து சிரிக்கும்படி சொல்வார்கள். எனக்குத்தான் இன்னும் அப்படிச் சொல்ல வரவில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு திருவண்ணாமலையில் ஒரு வேன் ரிப்பேர் ஷெட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். என் அக்கா வீட்டுக்காரர் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸில் கிளார்க். ஃபைலுக்குப் பின்னால் அப்படி ஒரு சாதுவாக உட்கார்ந்திருப்பார். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை சென்னைப் பக்கம் போய், தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கார் ரேஸ் ஓட்டுவார். சொன்னால் ஆபீஸில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

கார் என்னவோ பழைய சின்னக் கார்தான். பின்சீட்டைப் பிடுங்கிப் போட்டு, உள்ளே இரும்புக் கூண்டு கட்டி, இன்ஜினில் டர்போ வைத்திருந்தார். (டர்போ என்பது இன்ஜின் விடும் புகையைக் கொண்டே சின்ன விசிறி ஒன்றைச் சுழற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாமான். அது போடும் விசில் சத்தம் கேட்டால் எங்கள் தெரு நாய்கள் தாமாகவே ஓரம் கட்டிவிடும்.)

அக்கா அந்தக் காரை ‘மூத்த சம்சாரம்’ என்பாள். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் ஒரு ரேஸுக்குக்கூடப் போனதில்லை. போனால் பயத்திலேயே உயிர் போய்விடும் என்பாள். தான் ஓட்டுவதை ஒரே ஒரு தடவை அவள் பார்க்க வேண்டும் என்பது மாமாவின் ஆசை. கடைசியில் ஓர் உடன்பாடு ஆனது. வருகிற ஞாயிறு ஒரு ரேஸ். அதோடு காரை விற்றுவிட்டு வேங்கிக்காலில் மனை வாங்குவது. “கடைசின்னா நான் வர்றேங்க” என்றாள் அக்கா. அன்றைக்கு மாமா இரண்டு தடவை சாப்பிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பழைய டர்போ எண்ணெய் கக்க ஆரம்பித்தது. சென்னையில் சொல்லிவைத்து வேறொன்று வரவழைத்தார். வியாழக்கிழமை சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது. அவருக்கு லீவு மிச்சமில்லை.

“டேய், நீ டர்போ மாட்டியிருக்கியா?”

“வேன்ல எவ்வளவோ மாட்டியிருக்கேங்க மாமா.” (மொத்தம் இரண்டு வேன். இரண்டிலும் கழற்றியதுதான் நான். மாட்டியது வேறு ஆள்.)

“ஒண்ணே ஒண்ணு மறந்துடாத. அதுக்குள்ள இருக்கிற தண்டு எண்ணெய் மேலதான் சுத்தும். குழாய மாட்டறதுக்கு முன்னாடி அது வாயில எண்ணெய் ஊத்து. ஊத்திட்டு, இன்ஜின் புடிக்காம சும்மா கொஞ்ச நேரம் செல்ஃப் அடி. எண்ணெய் ஏறினப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணணும்.”

“இது கூடத் தெரியாதா மாமா?” என்றேன். நிஜமாகவே தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் காருக்குள் தலையை விட்டேன். அந்த டர்போவை உட்கார வைப்பதற்குள் என் விரல்களில் பாதித் தோல் போய்விட்டது. பத்து மணிக்கு மாமா பர்மிஷன் போட்டு வந்தார். அக்கா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தட்டில் கற்பூரத்தோடு நின்றாள். பத்தரைக்கு ராகு காலம்.

“இன்னாடா பண்ற? இன்னும் நாலே நிமிஷம்தான் இருக்கு!” என்றாள் அக்கா.

எண்ணெய் டப்பா என் கையில்தான் இருந்தது. மூடி இறுகிக் கிடந்தது. திருகிப் பார்த்தேன், அசையவில்லை. இன்ஜின் ஓடினால் எண்ணெய் தானாக ஏறிவிடாதா என்று ஒரு நினைப்பு வந்தது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் குழாயை முடுக்கினேன்.

“எல்லாம் பண்ணிட்டியா?” மாமா சீட்டில் உட்கார்ந்து கேட்டார்.

“பண்ணிட்டேங்க மாமா.”

கற்பூரம் காட்டினாள். பழங்கள் நசுங்கின. ராகு காலத்துக்கு ஒரு நிமிஷம் முன்பே வண்டி தெருவைத் தாண்டிவிட்டது. நான் பக்கத்தில் தொற்றிக்கொண்டிருந்தேன். கிரிவலப் பாதையில் ஆளில்லாத இடமாகப் பார்த்து மாமா ஒரு மிதி மிதித்தார். விசில் கேட்டது. மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த நொடி விசில் கீச்சென்று கிழிந்து, இரும்போடு இரும்பு உரசி, அடங்கிப்போனது. பின்னால் நீலப் புகை. அண்ணாமலையில் ஜோதிதான் தெரியும் என்பார்கள், அன்று மலையே தெரியவில்லை. புகைக்குள்ளிருந்து இரண்டு சாமியார்கள் காவித் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எங்களைத் திட்டியபடி வெளியே வந்தார்கள்.

கயிறு கட்டி இழுத்து வந்து டர்போவைக் கழற்றினோம். தண்டு நீலம் பாரித்து இறுகியிருந்தது. மாமா எண்ணெய் வாயில் விரலை விட்டுப் பார்த்தார்.

“சொட்டுகூட இல்லயேடா” என்றார். அவ்வளவுதான். ஒரு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ராகு காலத்துக்கு முன்னாடியேதானங்க எடுத்தோம்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்னொரு டர்போ கிடைக்க வழியில்லை. ரேஸுக்கென்று காய்ச்சி வைத்த புளிக்காய்ச்சலை வீணாக்கக் கூடாது என்று ஞாயிறன்று அக்கா புளியோதரை கிளறினாள். மூன்று பேரும் வீட்டிலேயே உட்கார்ந்து தின்றோம். மாமா அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். இந்நேரம் கொடி அசைத்திருப்பார்கள் என்று நினைத்திருப்பார். அடுத்த வாரம் பேசிவைத்தபடி, ஓடாத காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாமா அதன் பிறகு ரேஸ் பக்கம் போகவில்லை.

என் கல்யாணத்தில், முகூர்த்தம் முடியப் போகிறது என்று ஐயர் அவசரப்படுத்த, நான் தாலியைக் கையில் எடுத்தேன். “டேய், எண்ணெய் ஊத்தினியா?” என்று பின்னாலிருந்து மாமாவின் குரல். மண்டபமே சிரித்தது. இன்றைக்கும் நான் எந்த வேலையை முடித்துவிட்டேன் என்று சொன்னாலும், என் மனைவி முதற்கொண்டு எல்லோரும் கேட்கும் கேள்வி அதுதான்.

போன பொங்கலுக்கு மறுபடி இந்தக் கதை ஓடியது. எல்லோரும் சிரித்து முடித்ததும் அக்கா மகள் கேட்டாள்: “ஏம்மா, அப்பா நெஜமாவே அவ்ளோ ஜோரா ஓட்டுவாரா?”

“ஓட்டுவாருன்னுதான் சொல்வாங்க” என்றாள் அக்கா, மொச்சை உரித்துக்கொண்டே. “நான் பாத்ததில்லயே.”

அதற்கும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டேன்.