மாப்பிள்ளை, சிவப்புச் சட்டை எந்த ஆப்பில் வருகிறது?

வேங்கிக்கால்,
சனிக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை திரு. வல்லரசு அவர்களுக்கு,

மாமனார் இருசப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் மாமியார் சரசு, எட்டாம் மாதம் நடக்கிற உங்கள் மனைவி கவியா மூவரும் நலம். புனேவில் நீங்கள் நலமா என்று கவியாவிடம் கேட்டேன். "எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அதனால் உங்களிடமே கேட்க வேண்டியதாயிற்று. போனில் கேட்கலாமே என்பீர்கள். நான் போனை எடுத்தால் சரசு வந்து பக்கத்தில் நின்றுகொண்டு "அத்த சொல்லுங்க, இத்த கேளுங்க" என்கிறாள். கவியா அடுத்த அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. நில அளவைத் துறையில் காலமெல்லாம் அறிக்கை எழுதிய கை, எனக்கும் இதுதான் வசதி.

வளைகாப்பு முடித்து அவளை நாங்கள் அழைத்து வந்தபோது, பிள்ளைத்தாய்ச்சிப் பெண் வாய்விட்டு எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லக் கூடாது என்று தயாராகத்தான் இருந்தோம். கீழ்பென்னாத்தூரிலிருந்து என் அண்ணன் முருகையன் ஒரு மூட்டை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொடுத்தனுப்பியிருந்தார், சரசு மாங்காய், நெல்லிக்காய், நார்த்தங்காய் என்று புளிக்கிற சாமான் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கியிருந்தாள். கவியா மல்லாட்டையை உரித்துப் போட்டுக்கொண்டே கேட்டது, "அப்பா, நம்ம டிவியில ஃபுட்பால் வருமா?" என்று. நானும் சரசுவும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டோம். இது எந்த வகை மசக்கை என்று தெரியவில்லை. ஆனாலும், டிவி இருக்கிறது, கேபிள் இருக்கிறது, வராமல் எங்கே போய்விடும் என்ற தைரியத்தில் "வரும்மா" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையால் வந்ததுதான் இத்தனையும்.

கேபிள்காரர் சின்னசாமியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அதெல்லாம் ஆப்புக்குப் போயிடுச்சி சார்" என்றார். எந்த ஆப் என்றேன். எந்த மேட்ச் என்றார். சிவப்புச் சட்டை என்றேன், கவியாவின் அணியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "அது சரி சார், எந்தக் கப்புல ஆடுற மேட்ச்சு?" என்றார். "இன்னாய்யா இது, அதே பசங்கதானே, அதே பந்துதானே?" என்று கேட்டதற்கு, "பசங்க அதே பசங்கதான் சார், கப்பு வேற. சனிக்கிழமைல ஆடுனா ஒரு ஆப்பு, நடுவாரத்துல ஆடுனா இன்னொரு ஆப்பு" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்றைக்கெல்லாம் இதே யோசனை. நம் ஊரில் மலையைச் சுற்றி வருகிறோம், எட்டுத் திசையிலிருந்தும் எட்டு விதமாகத் தெரிகிறது, ஆனால் ஈசானியத்திலிருந்து பார்க்க ஒரு டிக்கெட், நிருதியிலிருந்து பார்க்க இன்னொரு டிக்கெட் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. எப்படி இந்த ஏற்பாடு வந்தது, யார் உட்கார்ந்து பிரித்தார்கள், பாகப்பிரிவினைக்கு யார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு உண்மையாகவே ஆசை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதவும்.

முதலில் கவியா உங்கள் கணக்கைத்தான் டிவியில் போட்டாள். இரண்டு நாள் ஓடியது. மூன்றாவது தடவை போட்டபோது, இந்த டிவி உங்கள் குடும்பத்தைச் சேர்ந்ததாகத் தெரியவில்லை என்று எழுதிக் காட்டியது. கவியா அதைத் தமிழில் படித்துச் சொன்னதும் சரசு கரண்டியோடு வந்து டிவி முன்னால் நின்றாள். "யாரு குடும்பம் இல்லன்றது? வளைகாப்புக்கு எத்தினி பேர் வந்தாங்கன்னு அதுக்குத் தெரியுமா? சம்பந்தி வீட்ல யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றாள். அம்மா, அது கம்ப்யூட்டர் கேட்கிறது, ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தானாம் என்று கவியா எவ்வளவோ சொல்லியும் அவள் சமாதானமாகவில்லை. கல்யாணம் ஆன பெண் எந்த வீட்டுக் கணக்கில் வருவாள் என்பதை நம் பெரியவர்களே இன்னும் பேசி முடிக்கவில்லை, அதற்குள் ஓர் ஆப் வந்து தீர்ப்புச் சொல்கிறது. உங்கள் அம்மா தமிழ்செல்வி அவர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். சரசுவின் கோபம் ஆப் மேலேதான், அவர்கள் மேலே இல்லை.

கவுரவம் என்று வந்துவிட்ட பிறகு நானே என் பெயரில் சந்தா கட்டினேன். விளம்பரம் வந்தது. விளம்பரம் வேண்டாமென்றால் கொஞ்சம் ஜாஸ்தி கட்ட வேண்டும் என்றது. கட்டினேன், அப்போதும் வந்தது, கேட்டால் நேரலை ஆட்டத்துக்கு அது பொருந்தாதாம். அடுத்த தடவை சந்தா கட்டப் போனால் போன மாதத்து விலை இல்லை. தக்காளி விலை ஏறினால் மழை என்கிறார்கள், பெட்ரோல் விலை ஏறினால் எங்கேயோ சண்டை என்கிறார்கள், ஒரே பந்தை உதைக்கிறதுக்கு இந்த மாதம் என்ன ஆயிற்று என்று சொல்ல ஆள் இல்லை. இதற்குள் நடுவார ஆட்டம் வந்தது, அதற்கு இரண்டாவது ஆப். பிறகு அவளுக்கு ரொம்பப் பிடித்த ஒரு ஆட்டக்காரன் வேறு தேசத்து அணிக்குப் போய்விட்டான் என்று தெரிந்தது, அந்த தேசத்து ஆட்டமெல்லாம் மூன்றாவது ஆப்பில். "அவன் போனா போறான், நாம ஏன்மா பின்னாலயே போவணும்?" என்று கேட்டேன். கவியா மல்லாட்டைத் தட்டைத் தள்ளி வைத்தாள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் தட்டைத் தள்ளி வைத்தால் எந்த அப்பனால் தாங்க முடியும்?

மூன்றாவதைக் கட்டுமுன் யாரிடமாவது விசாரிக்கலாம் என்று ரமணாசிரமம் பக்கம் போனேன். செங்கம் சாலையில் ஒரு காப்பிக் கடையில் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், இது அவர்கள் ஊர் விளையாட்டுதானே, அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? தாடியும் உருத்திராட்சமுமாக ஒருத்தர் இருந்தார். சிவப்புச் சட்டை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஆரம்பித்தேன். அவர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். மௌன விரதமாம், கடைக்காரர் சொன்னார். மன்னிக்கச் சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்து, சைகையில் என் போனைக் கேட்டு வாங்கி, காட்டுவதற்காக நான் ஓடவிட்டிருந்த பழைய ஆட்டத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம்தான் பார்த்திருப்பார். கோல் விழுந்ததும் மேசையில் ஓங்கித் தட்டி ஒரு கத்து கத்தினார் பாருங்கள், கடையில் தியானத்தில் இருந்த ரெண்டு பேர் கண்ணைத் திறந்துவிட்டார்கள். விரதம் போனது போனதுதான் என்று பிறகு அவர் தாராளமாகவே பேசினார். அவர் ஊரில் ஆப் இன்னும் ஜாஸ்தியாம், விலை இன்னும் ஜாஸ்தியாம். "அதனாலதான் எல்லாத்தையும் விட்டுட்டு இங்க வந்தேன்" என்றார். மூன்றாவது எப்படி என்றேன். "படம் தெளிவா இருக்கும்" என்றார். கட்டிவிட்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். ஆஃப்சைடு என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கவியா எனக்கு டம்ளரும் ஸ்பூனும் வைத்து விளக்கினாள். ஆட்டத்தை நிறுத்தி, திரையில் ஒரு கோடு போட்டு, ஒருத்தன் தோள்பட்டை விரல் அகலம் வெளியே இருக்கிறது, ஆகவே கோல் செல்லாது என்கிறார்கள். மாப்பிள்ளை, நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வரப்பு வரப்பாக அலைந்தவன். அண்ணன் தம்பி சண்டையில் ஒரு முழம் முன்னே பின்னே இருந்தால் "போகட்டும் விடுங்கய்யா" என்று பேசிச் சரிக்கட்டியவன். ஒரு விரல் அகலத்துக்காக அத்தனை ஆயிரம் ஜனம் மூச்சுவிடாமல் நிற்கிறதைப் பார்த்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். இது வெறும் தொழில் பற்று. மற்றபடி ஆட்டத்தின் மேலே எனக்கு ஒன்றும் கிடையாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன பௌர்ணமி அன்றைக்குச் சாயங்காலம் ஆட்டம். நீங்கள் புனேவில் பார்க்கிறீர்கள், கவியா இங்கே பார்க்கிறாள், இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டே பார்க்கிறீர்கள். பௌர்ணமியில் நம் ஊருக்கு எத்தனை லட்சம் பேர் கிரிவலம் வருகிறார்கள், அத்தனை பேர் கையிலும் போன். நெட் நகரவே இல்லை. வெளியே ஜனம் மலையைச் சுற்ற, டிவியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் ஆட்டம் உங்கள் ஆட்டத்துக்கு ரொம்பப் பின்தங்கிவிட்டது. சிவப்புச் சட்டைக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. எங்கள் டிவியில் அந்தப் பையன் பந்தைக் கையில் எடுத்து அப்போதுதான் கீழே வைக்கிறான், கவியா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், போனில் நீங்கள் "கோல்!" என்று கத்திவிட்டீர்கள். சரசு, "இன்னாங்க, மாப்பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு!" என்று அசந்துபோனாள். கவியா போனை வைத்துவிட்டாள். அன்றையிலிருந்து நீங்கள் கூப்பிட்டால் எடுப்பதில்லை, நீங்களும் இப்போது கூப்பிடுவதை நிறுத்திவிட்டீர்கள். ஆப் மூன்றும் அப்படியே கிடக்கின்றன, அவள் திறக்கவில்லை.

இது பந்து சம்பந்தமான கோபமா, வேறு கோபமா என்று எனக்குப் புரியவில்லை. நேற்று அவளுக்குக் கால் வீக்கத்துக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன்.

"ஒரு கோல முன்னாடியே சொன்னதுக்கா இவ்ளோ கோவம்?"

"அது இல்லப்பா."

"பின்ன?"

"அவரு கத்துனாரு இல்ல, அப்ப பக்கத்துல யாரோ சிரிச்சாங்கப்பா. ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் கூட உக்காந்து பாக்குறாரு. நான் இங்க குடம் மாதிரி வயித்த வெச்சிக்கினு ஒரு வட்டத்தப் பாத்துக்கினு இருக்கேன். நான் இல்லாமலே அவருக்கு ஆட்டம் நல்லாத்தான் இருக்குது." சொல்லும்போதே வெந்நீரில் கண்ணீர் சொட்டியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் முதல் நாள் கேட்டது ஃபுட்பால் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து அடித்துக்கொண்டு பார்ப்பீர்களாமே, அதைக் கேட்டிருக்கிறாள். அதை நான் ஆப் ஆப்பாக வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே மாப்பிள்ளை, உத்தரவு போடுவதாக நினைக்காதீர்கள், அடுத்த சனிக்கிழமைக்குள் லீவு சொல்லிவிட்டு வந்து சேருங்கள். இரண்டு பேரும் ஒரே டிவியைப் பார்த்தால் முந்தலும் இல்லை, பிந்தலும் இல்லை. ரயிலுக்கு எவ்வளவு ஆனாலும் இந்தச் சந்தாக்களை விடக் கம்மிதான். வந்ததும் மூன்று சந்தாவையும் நிறுத்திவிடலாம். சரசுவுக்கும் எனக்கும் இந்தச் சனியன் பிடிக்கவே பிடிக்காது, பெண்ணுக்காகப் பொறுத்துக்கொண்டோம். இனி இந்த வீட்டில் சாயங்காலம் செய்தி மட்டும்தான்.

உங்கள் அம்மாவுக்கு எங்கள் வணக்கம். வெளிச்சாப்பாட்டைக் குறைக்கவும். உங்கள் உடம்பும் மனசும் நல்லபடியாக இருக்க, வயிற்றில் இருக்கும் பிள்ளை எந்தக் குறையுமின்றி வெளியே வர, ஜன்னலிலிருந்து தெரிகிற மலையைப் பார்த்துக் கும்பிட்டு ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்,
இருசப்பன்

பின்குறிப்பு: கூரியர்காரன் சாயங்காலம்தான் வருவான் என்று உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். மத்தியானம் வாசலில் ஆட்டோ சத்தம். பார்த்தால் நீங்கள், ராத்திரியெல்லாம் ரயிலில் வந்த முகத்தோடு, ஒரு பை நிறையப் பலகாரத்தோடு. கவியா உங்களைப் பார்த்து "யார் வரச் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே பையை வாங்கினாள். ஆகவே மேலே கண்டது எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். என் சந்தா மூன்றையும் மத்தியானமே நிறுத்திவிட்டேன், ஐந்து மணிக்கு ஆட்டம் என்று டிவியில் உங்கள் கணக்கைப் போட்டீர்கள். பத்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை, இரண்டு பேரும் பேச ஆரம்பித்து, பேச்சு ஜாஸ்தியாகி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். இப்போது சிரிப்புச் சத்தம் கேட்கிறது. ரொம்பச் சந்தோஷம். நானும் சரசுவும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ஆட்டம் சமத்தில் இருந்தபோது டிவி திடீரென்று நின்று, உங்கள் போனுக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறேன், அதைப் போடு என்கிறது. கதவைத் தட்டலாமா என்றேன். "தட்டாதீங்க, புள்ளைங்க பேசட்டும்" என்கிறாள் உங்கள் மாமியார். அடுத்த மூச்சிலேயே, "எழுதி அடியில தள்ளுங்க, சீக்கிரம், கார்னர் கெடச்சிருந்தது" என்கிறாள். எனவே இந்தக் கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். சாவகாசமாகப் படிக்கலாம். முதலில் அந்த எண்ணைப் பின்பக்கத்தில் எழுதி இப்படியே வெளியே தள்ளவும்.